மெசினுக்கு விட்ட தண்ணீர்

இரவுக் கடமை முடிந்து ஆசுப்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர ஜெயந்தினிக்கு எட்டரை ஆகிவிடும். சீருடையைக்கூட மாற்றாமல் நேரே குசினிக்குப் போவாள். ஒரு கோப்பி. அதைக் குடிக்கிற கால் மணித்தியாலம் மட்டும் அவளை யாரும் "மிஸ்" என்று கூப்பிடுவதில்லை, யாருக்கும் ஊசி ஏற்ற வேண்டியதில்லை. நாற்பத்தாறு வயதில் அவள் தனக்கென்று வைத்திருந்தது அவ்வளவுதான். கணவன் நதானியேலுக்கு மன்னாரில் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை வந்து நன்றாகத் தூங்கிவிட்டுப் போவார்.

கோப்பி மெசினைத் தங்கை தயாளினி சுவிஸிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். போகும்போது சட்டதிட்டங்களையும் சொல்லிவிட்டுத்தான் போனாள். யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் கிடந்து வருவது. கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். மெசினின் வயிற்றுக்குள் இருக்கிற சின்னக் கொதிகலனில் அந்தச் சுண்ணாம்பு படிந்தால் கதை முடிந்தது. ஆகவே வடிகட்டி விற்கிற போத்தல் தண்ணீர் மட்டுந்தான் விடலாம். மாதம் ஒருமுறை ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு கரண்டி சிற்றிக் அசிட்டைக் கரைத்து, பாதியை ஓடவிட்டு, இருபது நிமிடம் பொறுத்து மீதியையும் ஓடவிட்டு, பிறகு இரண்டு தரம் அலச வேண்டும். நோயாளிக்கு மருந்து கொடுக்கிற கவனத்தோடு ஜெயந்தினி எல்லாவற்றையும் செய்தாள். நெல்லியடிக் கடையிலிருந்து ஐந்து லீற்றர் போத்தலை ஸ்கூட்டியில் காலடியில் வைத்துக்கொண்டு வருவாள்.

அப்படியிருந்தும் எட்டாம் மாதமே மெசின் முனகத் தொடங்கியது. கோப்பி நூலாக வடிந்தது. மாதம் ஒருமுறை கழுவியதை இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆக்கினாள். தான்தான் எங்கேயோ பிழைவிடுகிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். போன திங்கட்கிழமை அது வெறும் காற்றை ஊதிவிட்டு நின்றுபோனது. தூங்கக்கூடப் போகாமல் அதைத் தூக்கிக்கொண்டு நெல்லியடிக்கு ஓடினாள்.

பிரிட்ஜ் திருத்துகிற கஜானன் கொதிகலனைக் கழற்றி ஸ்குரூ டிரைவரால் தட்டினான். பத்திரிகைத் தாளின் மேல் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு ஓடு கொட்டியது.

"அக்கா, கிணத்துத் தண்ணியெல்லோ விட்டிருக்கிறியள்."

"இல்லைத் தம்பி. போத்தல் தண்ணியைத் தவிர ஒரு சொட்டும் விடேல்லை."

"அப்ப உது வானத்திலையிருந்தே வந்தது? நீங்கள் கழுவக் கழுவ ஆரோ விடினம்." அவன் எல்லாவற்றையும் சுரண்டிப் பூட்டி மெசினை ஓடவிட்டுக் காட்டினான். "இந்தமுறை தப்பீட்டுது. இனியும் அந்தத் தண்ணியை விட்டால் என்னட்டைக் கொண்டு வராதேங்கோ."

வீட்டில் இருப்பது இரண்டே பேர். மற்றவர் மாமனார் கிருபைரட்ணம், எண்பத்தொரு வயது. ஜெயந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று அந்த வெள்ளை ஓடுகளைத் தாளில் பொதிந்து கைப்பைக்குள் போட்டாள்.

கிழவர் வாசல் படலையடியில் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னவாம் பிள்ளை மெசினுக்கு?"

"பாத்தாச்சு. மாமா, நீங்கள் உதுக்குள்ளை தண்ணி விடுறனீங்களோ?"

அவர் முகம் மலர்ந்தது. "பின்னை? நீ டியூட்டிக்குப் போற நாளிலை விடிய நாலரைக்கு எழும்பி, மோட்டர் போடாமல் வாளியாலை அள்ளுறனான். மெசினுக்குள்ளை கிடக்கிற கடைத்தண்ணியைச் செவ்வரத்தைச் செடிக்கு ஊத்திப்போட்டு, கிணத்துத் தண்ணியை நிரப்பி விடுறது. இரவிரவா நிண்டு களைச்சு வாற பிள்ளை நல்ல தண்ணியிலை கோப்பி குடிக்கட்டுமெண்டு."

அவர் உள்ளங்கை கயிறு உரசிச் சிவந்திருந்தது. அவள் அதை இதற்குமுன் கவனிக்கவேயில்லை.

"அதுக்குக் கிணத்துத் தண்ணி கூடாது மாமா."

"ஏன் கூடாது? எங்கடை தண்ணியிலை என்ன குறை?"

அந்த ஒழுங்கையில் மற்றக் கிணறெல்லாம் உவர். வேதக்காரர் வீடு என்று ஊர் சொல்லும் இவர்கள் வீட்டுக் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர் என்று பெயரெடுத்தது. சண்டைக் காலத்தில் ஒழுங்கை முழுவதும் இங்கேதான் குடத்தோடு நின்றது. நாக்குக்கு உப்புத் தெரியும், சுண்ணாம்பு தெரியாது. அதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

ஆனால் கிழவரின் மனைவி, மாமி தேவமலர், இரண்டு வருடத்துக்கு முன்பு சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனாள். கடைசி நாட்களில் ஒரு டொக்டர், என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். கேட்டவர் அன்றே மறந்திருப்பார். கிழவர் மறக்கவில்லை. அடக்கம் முடிந்து நாலு நாள் அவர் சோற்றைத் தொடவில்லை. ஐந்தாம் நாள், "பிள்ளை, நீ நேர்ஸ். உண்மையைச் சொல்லு. எங்கடை தண்ணியோ?" என்று கேட்டார். "இல்லை மாமா. மாமிக்கு முப்பது வருசமாச் சீனி வருத்தம். அதுதான்," என்றாள் ஜெயந்தினி. அவளுக்குத் தெரிந்தமட்டில் அது உண்மை. அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டார்.

இப்போது கைப்பையைத் திறந்து அந்த ஓடுகளைக் காட்டினால் அவருக்கு மெசினின் வயிறா தெரியப்போகிறது? பிறகு எந்த விளக்கமும் ஏறாது. யாரைக் கோபிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வரவில்லை, அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"சொல்லன் பிள்ளை. என்ன குறை?"

"ஒரு குறையுமில்லை மாமா. மெசின்தான் சரியில்லை. இனி ஏலாதெண்டு சொல்லிப்போட்டான்."

மெசினை அதன் பெட்டிக்குள் வைத்து அலுமாரிக்கு மேலே தள்ளினாள். தாள் பொட்டலத்தைக் குப்பை வாளியின் அடியில் அமுக்கினாள். கிழவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"எனக்கு அப்பவே தெரியும். நீ முதல் விட்ட கடைத்தண்ணிதான் அதைக் கெடுத்தது," என்றார். "நீ போய் இரு பிள்ளை."

குசினியில் கேத்தில் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தேவமலரின் கோப்பையில் கோப்பி வந்தது. தூள் கரையாமல் மேலே மிதந்தது. அவள் ஒரு வாய் குடிக்கும்வரை அவர் நகரவில்லை.

"எப்பிடி?"

"நல்ல தண்ணி மாமா," என்றாள் ஜெயந்தினி.