கதவு, பதினேழு வயது

ஸ்டூடியோவில் அவளுக்குப் பெயர் கத்தரி. இருபது வருடமாக சினிமா டிரெய்லர் வெட்டுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இரண்டரை மணி நேரப் படத்தைக் கொடுத்தால் இரண்டரை நிமிடமாக்கித் தருவாள். படம் எப்படி இருந்தாலும் டிரெய்லர் நன்றாக இருக்கும். அதை நம்பிப் படத்துக்குப் போய் ஏமாந்தவர்களின் திட்டெல்லாம் நியாயமாக அவளுக்கு வரவேண்டியது. பாவம், இயக்குநர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் அவள் வேலை செய்யும் சின்ன அறைக்குள் பதினாறு வயது மகள் ஒரு நோட்டோடு வந்து நின்றாள். டிரெய்லர்களில் தன் வயதுப் பிள்ளைகளை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பள்ளிக்காக ஓர் ஆய்வு. மறுநாள் வகுப்பில் பேச வேண்டும்.

"இருபது டிரெய்லர் பாத்தேம்மா. பதினெட்டுல காதுல ஹெட்ஃபோன். பதினஞ்சுல அம்மா கூப்பிட்டா திரும்பியே பாக்கல. கண்ணாடி போட்ட பொண்ணுங்க எல்லாம் கண்ணாடிய கழட்டினதும் அழகாயிடறாங்க. நான் கழட்டினா செவுத்துலதான் முட்டிக்குவேன்."

கத்தரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காத. இதுல ஏழு நீ வெட்டினது."

சிரிப்பு நின்றது.

"ஏழுலயும் ஒரு கதவு வருது. பொண்ணோ பையனோ, கோவமா ரூமுக்குள்ள போய் டமார்னு சாத்திக்கறாங்க. அதுகூட போகட்டும். ஏழுலயும் ஒரே சத்தம்மா! வீட்டுக் கதவு, ஹாஸ்டல் கதவு, ஒண்ணு இரும்புக் கதவு, எல்லாத்துக்கும் அதே டமார். கடைசில கண்ணாடி மாதிரி ஏதோ கிலுகிலுன்னு ஆடுது. யார் வீட்டுக் கதவும்மா அது?"

கையும் களவுமாகப் பிடிபட்டவள் என்ன சொல்வாள்? நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உண்மையைச் சொன்னாள்.

"நம்ம வீட்டுக் கதவுதான். சாத்தினது நான்."

அவளுடைய அப்பா சினிமாவுக்கு ஒலி பதிவு செய்தவர். மழை, ரயில், செருப்பு, சாவிக்கொத்து என்று உலகத்தில் உள்ள சத்தத்தையெல்லாம் நாடாவில் பிடித்து அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். கத்தரிக்குப் பதினேழு வயதாக இருந்தபோது ஒருநாள், புதிதாக வந்த மைக்கைக் கூடத்தில் நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார். தோழிகளோடு சினிமாவுக்குப் போகிறேன் என்று அவள் கேட்டாள். கூடாது என்றார். சினிமாக்காரர் வீட்டுப் பெண்ணுக்கே சினிமா கூடாதென்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? வாய்க்கு வந்ததைக் கத்திவிட்டுப் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி போட்ட போட்டோ ஆடியது. மைக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

எட்டு வருடம் கழித்து எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்தவள், அப்பாவின் நாடாக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் துண்டு துண்டாக வெட்டிப் பெயரிட்டு வைத்தாள். இந்தத் துண்டுக்கு 'கதவு, பதினேழு வயது' என்று பெயர். சரியாக இரண்டு செகண்டு. அந்தக் கிலுகிலுப்பு எல்லோருக்கும் பிடித்துப்போனது. பிள்ளைகள் படம் என்றால் முதலில் அதைத்தான் தேடினார்கள்.

அவளுக்கு மட்டும் அதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சில் சுருக்கென்றது. அந்தக் கதவுக்குப் பிறகு அப்பாவிடம் ஒரு மாதம் பேசவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தாள். மன்னிப்புக் கேட்டதாக நினைவே இல்லை. கேட்கலாம், கேட்கலாம் என்றே நாட்கள் ஓடி, நாலு வருடத்துக்கு முன்னால் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், "இந்த வயசே இப்படித்தான், நானும் எங்கப்பாவ இப்படித்தான் படுத்தினேன்" என்று பெருமூச்சு விடுவாள். மகளுக்கு அந்தப் பெருமூச்சைக் கண்டாலே ஆகாது.

"அந்த நாடாவ முழுசா கேக்கணும்மா," என்றாள் மகள். "எத வெட்டி எறிஞ்சாங்கன்னு பாருங்கன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

"வேணாம்டி."

"ஏன், என்ன இருக்கு அதுல?"

"தெரியாது. நான் முழுசா கேட்டதே இல்ல."

அதுதான் உண்மை. நூற்றுச் சொச்சம் நாடாவை உட்கார்ந்து யார் கேட்பது? திரையில் சத்தம் மேடு மேடாகத் தெரியும். மேடு இருந்த இடத்தை வெட்டி எடுத்துக்கொண்டு, கோடு சமமாக ஓடிய இடத்தைத் தள்ளினாள். எந்தச் சத்தம் என்பதை அப்பாவே பதிவின் தொடக்கத்தில் வாயால் சொல்லியிருப்பார். அதைக் கேட்டுப் பெயர் எழுதுவாள். கதவுக்கு முன்னால் அப்படி எதுவும் இல்லை. அவளே பெயர் வைத்தாள்.

நல்லவேளையாக, வெட்டாத நாடாக்களின் நகல் பழைய ஹார்டு டிஸ்க்கில் அப்படியே கிடந்தது. மகள் விடுவதாக இல்லை. தேடி எடுத்து ஓடவிட்டார்கள்.

அப்பா மைக்கைத் தட்டிப் பார்த்தார். சண்டை வந்தது. "உங்களுக்கு எம்மேல நம்பிக்கையே இல்ல!" என்று ஒரு கீச்சுக் குரல் கத்தியது. டமார். கிலுகிலு.

கத்தரி நிறுத்தப் போனாள். "அவ்வளவுதான். கோடு நேரா போகுது பாரு, ஒண்ணும் இல்ல."

"நேரா போனா ஒண்ணும் இல்லன்னு அர்த்தமா? சத்தத்த ஏத்தும்மா."

ஏற்றினாள். மின்விசிறி சுழன்றது. யாரோ நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அப்பா மைக்கை அணைக்காமல் சும்மா இருந்திருக்கிறார், மூன்று நிமிடம். பிறகு ஒரு தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்தது.

"அப்பா... போட்டோ ஒடஞ்சிடுச்சா?"

"இல்லம்மா."

"காத்துல சாத்திக்கிச்சு." காலடி கிட்டே வந்தது. "இல்லப்பா. நான்தான் வேணும்னே சாத்தினேன். தப்புதான்."

"தெரியும்டா."

"மைக் ஓடுதா?"

"ஓடுது."

"அய்யய்யோ! அழிச்சிடுங்கப்பா!"

நாடாவில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் ஓடிப்போகும் காலடி கேட்டது. அப்புறம் மைக்குக்குப் பக்கத்தில் வந்து, வேலை நேரத்துக் குரலில் அப்பா சொன்னார். திடீரென்று கிடைத்த சத்தத்துக்குப் பெயரை அவர் முடிவில்தான் சொல்வார். உதவியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்த வழக்கத்தை, பெற்ற மகள் கத்தரிதான் மறந்துபோயிருந்தாள்.

"கதவு. சாத்தினது, தெறந்தது. ரெண்டும் ஒரே சத்தம். பிரிச்சு வெட்டக் கூடாது."

நாடா நின்றது.

கத்தரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் காட்டிய இரண்டு செகண்டைத் தானும் நம்பியிருந்தாள். ஒரு மாதம் பேசாதவள் என்று யாரைச் சொல்லி வந்தாளோ, அந்தப் பெண் மூன்று நிமிடத்தில் வெளியே வந்திருக்கிறாள். அப்பாவுக்கு அது தெரியும். அவளுக்குத்தான் மறந்துபோயிற்று. வெட்டியவளும் அவளேதான். வருத்தமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் அழுகை வந்துகொண்டே இருந்தது.

மகள் பக்கத்தில் நின்று அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். அவள் பார்த்த இருபது டிரெய்லரிலும் எந்தப் பிள்ளையும் இதைச் செய்யவில்லை.

"அம்மா, நாளைக்கு இத கிளாஸ்ல போடட்டுமா?"

"போடு. தாராளமா போடு."

"ஆனா எனக்கு மொத்தமே அஞ்சு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. இதுவே நாலு நிமிஷம் ஓடுது. நடுவுல அந்த சும்மா இருக்கற எடத்த மட்டும் கொஞ்சம் வெட்டித் தரியா?"

கத்தரியின் கை பழக்க தோஷத்தில் மவுசுக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்து முந்தானையில் கண்ணைத் துடைத்தது.

"மாட்டேன். நீ உன் பேச்ச கொறச்சுக்கோ."