குவிமாடத்தில் இல்லாத ஆலமரம்

எங்கள் பள்ளிவாசல் குவிமாடத்தில் ஆலமரம் முளைத்ததே கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் பிறகு பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியான நானே மேலே ஏறிப் புல் பூண்டைப் பிடுங்கிப் போடுகிறேன். ஜான்பூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆனால் ஒரு வெள்ளைக்கார ஓவியர் வரைந்துவிட்டார். போன குளிர்காலத்தில் வந்து முற்றத்தில் குடை நட்டு உட்கார்ந்தார். ஆள் நடமாட்டம் இடைஞ்சலாம். விருந்தாளியாயிற்றே என்று தொழ வந்தவர்களை ஆற்றங்கரைப் பள்ளிக்குப் போகச் சொன்னேன்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் கிழவர் ரஃபாகத்.

"மூணே நாள்தான் சாச்சா."

முடிந்த படத்தில் குவிமாடத்தின் மேல் மரம், சுவரில் ஆளுயர வெடிப்பு, முற்றத்தில் ஓர் ஆடு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் முன்ஷி ஹர்சரண் லால் கண்ணடித்தார். "அவங்க ஊர்ல இடிஞ்சதுக்குத்தான் மவுசு, மீர் சாகிப். விடுங்க."

விருந்தாளியின் கைவேலையைக் குறை சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. பிரமாதம் என்றேன். கீழே 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி என் முத்திரையைக் கேட்டார்கள். மரியாதைக்காகப் போட்டேன், அதுவும் சிரித்துக்கொண்டே.

இன்று காலை, பாலம் கட்டுகிற துரை பத்து மாட்டுவண்டிகளோடு வந்து நிற்கிறார். கையில் அதே படம், பக்கத்தில் அதே ஹர்சரண் லால்.

"பாழடைஞ்ச கட்டடமாம். கல்லைப் பாலத்துக்கு எடுக்க உத்தரவு."

"பாழா? மரம் எங்கே, காட்டச் சொல்லுங்க லாலாஜி."

துரை அண்ணாந்து பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"மரத்தை நீங்க வெட்டிட்டீங்களாம். வெடிப்பைப் பூசிட்டீங்களாம்."

என்ன அநியாயம் இது! வாதாடிக்கொண்டிருக்கும்போதே நண்பகல் தொழுகைக்குப் பாங்கும் ஒலித்தது. நான்கு வரிசை நிறைய ஆட்கள் வந்து நின்றார்கள்.

"இவங்களைப் பார்க்கச் சொல்லுங்க."

"இன்னைக்குன்னு கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்கீங்களாம்." ஹர்சரண் லால் என் முகத்தைப் பார்க்காமல் படத்தின் கீழ் ஓரத்தைக் காட்டினார். "முத்திரை உங்களோடதுதானே?"

என்னுடையதுதான். தொழுது முடித்தவர்கள் வெளியே வந்து வண்டிகளையும் கடப்பாரைகளையும் பார்த்தார்கள். எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ரஃபாகத் சாச்சா மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"ஆத்தங்கரைப் பள்ளிக்கு இப்ப எத்தனை நாளைக்குப் போகணும், மீர் சாகிப்?"