காய்ந்த மூட்டை

"எத்தனை பேர் படுக்கிறதுக்கு சார்?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள். நான் ஒரு தார்ப்பாயின் முனையைப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தேன். செருப்புக் கடையில் என்ன அளவு என்று கேட்பார்களே, அதே மாதிரி சாதாரணக் கேள்விதான். எனக்கு மட்டும் சுருக்கென்றது. ஒருத்தர்தான் என்றேன். "அப்ப இது பெருசு. வீணா சுமப்பீங்க" என்று அதை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டு, சின்னதாக ஒன்றை எடுத்துப் போட்டாள். பிறகு டென்ட் காட்ட ஆரம்பித்தாள். வேண்டாம்மா என்றேன். இந்தக் குளிரில் டென்ட் இல்லாமல் எப்படி என்றாள். வீட்டில் நாலு சுவருக்கு நடுவில்தானே வருஷம் முழுக்கக் கிடக்கிறேன், மலைக்குப் போயும் நாலு சுவரா என்று சொல்ல வாயெடுத்தேன். கடையில் போய் நம் கதையை அவிழ்த்துவிடும் ஆட்களைக் கண்டால் எனக்கே பிடிக்காது. கனம் என்று மட்டும் சொன்னேன்.

டென்ட் இல்லாமல் குளிரில் படுப்பது ஒன்றும் வீரசாகசம் இல்லை. கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் போதும். குளிர் மேலேயிருந்து வருவதாக எல்லாரும் நினைக்கிறார்கள். அது முதுகுக்குக் கீழேயிருந்துதான் வரும். அதனால் முதலில் நல்ல பாய் வேண்டும், போர்வையெல்லாம் அப்புறம். ஸ்லீப்பிங் பேக்குக்குள் மூக்கை விட்டுக்கொண்டு தூங்கினால் மூச்சுக் காற்றே உள்ளே ஈரமாகி, விடியும்போது பல் கிட்டித்துவிடும். அடுப்புக்கான கேஸ் டப்பாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கவேண்டும், இல்லாவிட்டால் காலையில் காபித் தண்ணீர்கூடச் சுடாது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் மாமாவும் முதல் தடவை போய், விறைத்து, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டது.

மாமா என்றால் என் அக்கா புருஷன். பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். ஆள் கதவு நிறைய இருப்பார். எனக்கு நண்பன் என்று ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான். நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். முகம் தெரியாதவர்களின் வாய் அச்சு வரும், அதற்குப் பல் கட்டி அனுப்புவேன். அதைப் போட்டுக்கொண்டு யார் சிரிக்கிறார்கள், யார் கத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த வேலைக்குப் பேச்சே தேவையில்லை. கல்யாணமும் அமையவில்லை. அக்கா, மாமா, குளிர்காலத்தில் மலை. அவ்வளவுதான் என் உலகம், அது எனக்குப் போதுமானதாகவும் இருந்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ராத்திரி போட்டுக்கொள்ளும் கம்பளி ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லா மூன்றையும் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கட்டுவோம். அதற்குக் காய்ந்த மூட்டை என்று பெயர். என் மூட்டை அவர் பையில் போகும், அவர் மூட்டை என் பையில். ஒரு தடவை ஓடையைத் தாண்டும்போது மாமா பையோடு விழுந்து சொட்டச் சொட்ட எழுந்தார். என் ஸ்வெட்டரில் அவருக்குத் தலை மட்டும்தான் நுழைந்தது. ராத்திரி முழுக்க அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடுங்கினார். அன்றைக்குப் பிறந்த வழக்கம் இது. யார் தண்ணீரில் விழுந்தாலும் அவருடைய காய்ந்த துணி இன்னொருவர் முதுகில் பத்திரமாக இருக்கும். கிளம்பும் நாளில் என் மூட்டையை வாசல் பக்கத்து நாற்காலியில் வைத்துவிடுவேன். மாமா வந்து தன்னுடையதை என்னிடம் எறிந்துவிட்டு, நாற்காலியிலிருந்து என்னுடையதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வார். அக்கா பார்த்துச் சிரிப்பாள். "பொண்ணு மாப்பிள்ளை மாலை மாத்திக்கிறாங்க, பாருங்க" என்பாள்.

போன வருஷம் அக்காவும் மாமாவும் பிரிந்துவிட்டார்கள். யார் மேல் தப்பு என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு பேரும் நல்லவர்கள், அதுதான் தொல்லை. கோர்ட்டிலிருந்து திரும்பும்போது அக்கா ஆட்டோவில் என் பக்கம் திரும்பாமலே, "உனக்கு அவர் வேணும்னா தாராளமா போ. ஆனா அதுக்கப்புறம் அக்கான்னு வந்து நிக்காத" என்றாள். மாமாவிடம் சொன்னேன். "அக்கா சொல்றத கேளு மாப்ள. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார். அதோடு சரி. அவர்களுக்கு விவாகரத்து கேட்டு வாங்கிக் கொடுக்க ஆளுக்கொரு வக்கீல் இருந்தார். எனக்குக் கேட்காமலேயே கிடைத்தது.

இந்தக் குளிர்காலமும் வீட்டில் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. அதனால்தான் கடைக்குப் போனேன். தார்ப்பாயும் கயிறும் அவருடையவை, அவரோடு போய்விட்டன. என் காய்ந்த மூட்டையும் கடைசிப் பயணத்தில் அவர் பையிலேயே தங்கிவிட்டது. புது ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லா வாங்கினேன். தனியாகப் போகிறவன் எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டுமே, அதனால் லேபுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்த்தேன். "பல்லு போதாதுன்னு சாக்ஸையும் நிறுக்க ஆரம்பிச்சாச்சா?" என்றார் பக்கத்து மேஜைக்காரர். இரண்டாவது டம்ளரைக் கழித்தேன். சீட்டுக் கட்டைக் கழித்தேன், தனியாக என்ன சீட்டு. பையின் அடியில் மாமாவின் மூட்டை கிடந்தது. அதையும் எடுத்தாக வேண்டும். கிளம்பும்போது வெளியே எடுத்து வைக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் கிளம்பி, மதியத்துக்கு மேல் ஏறி, வழக்கமான பாறைக்குப் பக்கத்தில் பையை இறக்கினேன். தார்ப்பாயை ஒரு பக்கம் தரையோடு தாழ்த்திக் கட்டி, பாயை விரித்தேன். விரித்த பிறகுதான் பார்க்கிறேன், இடது ஓரமாக விரித்திருக்கிறேன். காற்று வரும் பக்கம் எப்போதும் மாமாதான் படுப்பார். அந்த இடத்தில் பையை நிறுத்தி வைத்தேன். பை என்ன, மாமாவா? காற்று சுற்றிக்கொண்டு வந்தது. வெளிச்சம் குறையக் குறைய விரல்கள் மரத்தன. சரி, உடை மாற்றலாம் என்று பைக்குள் கையை விட்டு மூட்டையை இழுத்து அவிழ்த்தேன்.

மாமாவின் ஸ்வெட்டர் வந்தது. இன்னும் துழாவினேன். வேறு மூட்டை இல்லை. அப்போதுதான் உறைத்தது. புது மூட்டையை ஒழுங்காகக் கட்டி, வழக்கப்படி வாசல் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். யாரோ வந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வார் என்று. பையில் ஒரு மூட்டை இருந்ததால் கனமும் சரியாக இருந்திருக்கிறது. தராசில் அத்தனை தடவை நிறுத்துப் பார்த்தவனுக்கு இந்தப் புத்திகூட இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. சுற்றிலும் ஆள் இல்லாததால் அடக்கவில்லை, நன்றாகவே அழுதேன்.

இன்னொருவர் மூட்டையைப் பிரிக்கக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான். "மாமா, வேற வழியில்ல, எடுத்துக்கறேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டேன். போன தடவை போட்டது, துவைக்காமல் கிடந்தது. அடுப்புப் புகையும் அவர் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலமும் மணத்தது. கை நீளம் என் விரலைத் தாண்டித் தொங்கியது. சாக்ஸின் குதிகால் எனக்குக் கணுக்காலில் வந்து நின்றது. கழுத்துப் பொத்தான் மட்டும் வேறு நிறம். அது அக்கா தைத்தது. அன்றைக்கு எனக்குக் குளிரவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். தூக்கம்தான் வரவில்லை.

மறுநாள் மதியம் வீடு திரும்பினால் கதவு திறந்திருந்தது. அக்காவிடம் ஒரு சாவி உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வீட்டைத் திட்டிக்கொண்டே கூட்டிவிட்டுப் போவாள். வாசல் பக்கத்து நாற்காலியில் என் புது மூட்டை அவிழ்ந்து கிடந்தது. ஸ்வெட்டரில் கடைச் சீட்டுகூட இன்னும் தொங்கியது. அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"புதுசு இங்க கெடக்கு. அப்ப அங்க எதப் போட்டுட்டுப் படுத்த?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பையைத் திறந்து மாமாவின் ஸ்வெட்டரையும் சாக்ஸையும் எடுத்துத் தரையில் வைத்தேன். இனி அக்காவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா குனிந்து ஸ்வெட்டரை எடுத்தாள். கழுத்துப் பொத்தானை ஒரு தடவை திருகிப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பால்கனியில் கொடியில் போட்டுவிட்டு, சாக்ஸை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிக் கிளிப் போட்டாள். "கனமா இருக்கு. காய ரெண்டு நாளாகும்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

உள்ளே வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, புது ஸ்வெட்டரின் கடைச் சீட்டைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஸ்வெட்டரை மடித்து, சாக்ஸையும் குல்லாவையும் அதற்குள் வைத்துச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி இறுக்கி முடிந்தாள். என் பை அவள் காலடியில்தான் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவள் அதைத் தாண்டிப் போய், மூட்டையை வாசல் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.