டெல்சிக்கு வரவேண்டியது திருச்செந்தூர் பஸ்ஸில் போய்விட்டது

எங்கள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் அவரவர் திறமை அவரவரைத் தேடி வந்துவிடும். காலாண்டுப் பரீட்சைக்குள் வருவது வழக்கம். பெரும்பாலும் பஸ்ஸில் வரும். சிலருக்கு ஆட்டோவில் வரும்.

என் பெஞ்சில் இருக்கும் ரெக்ஸ்லினுக்குக் கணக்கு வந்தது. அது ஒரு கொக்கு. பெஞ்சின் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றது. ஷர்மிளா பானுவுக்குப் பாட்டு வந்தது. அது ஒரு மோட்டார் பம்பு. போட்டால் முதலில் கொஞ்சம் காற்று வரும், பிறகு ராகம் வரும்.

எனக்கு எதுவும் வரவில்லை.

எமிலி டீச்சர் தினமும் காலையில் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பிறகு திறமையைக் கூப்பிடுவார்.

"ரெக்ஸ்லின்."

"உள்ளேன் டீச்சர்."

"ரெக்ஸ்லின் கணக்கு."

கொக்கு பெஞ்சில் அலகால் ஒரு தட்டு தட்டும்.

"டெல்சி."

"உள்ளேன் டீச்சர்."

"டெல்சியோடது?"

மேலே ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். டீச்சர் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். அவர் என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்.

எனக்கு என்ன வரும் என்று நான் யோசிக்காமல் இல்லை. மத்தியான இடைவேளைகளில் அதை மட்டும்தான் யோசித்தேன். ஓட்டம் வராது. நான் ஓடினால் தரை எனக்கு முன்னால் போய்விடும். படம் வராது. ஒருமுறை யானை வரைந்தேன். யானையே வந்து பார்த்துவிட்டு, "இது நான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனது. சமையல் வராது. சாம்பார் என்னைக் கண்டால் அடுப்பை விட்டு இறங்கிவிடும்.

"உனக்கு என்னதான்ட்டி வரும்?" என்று அம்மா கேட்டாள்.

"எது வரும்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கிடுதது?"

"நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு கேளு" என்றாள் அம்மா. தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அரையாண்டு முடிந்தது. ஒரு திங்கட்கிழமை கொத்தனார் வகுப்புக்கு வந்தார். பெயர் கொம்பையா. எமிலி டீச்சரிடம் அனுமதி கேட்டுவிட்டு டேப்பை எடுத்து என்னை அளந்தார். உயரம் அளந்தார். சுற்றளவு அளந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"வராண்டாவுக்குத் தூண் பத்தல பாப்பா. எதுவும் வராத பிள்ளைங்களைத்தான் தூணாக்கச் சொல்லியிருக்காங்க. நீ நல்லா நேரா நிக்கிற."

"வலிக்குமா?"

அவர் டேப்பைச் சுருட்டினார். "கொஞ்சம் குளிரும்" என்றார்.

மத்தியானத்துக்குள் என் இடது பாதம் சிமெண்ட் ஆகிவிட்டது. காலணிக்குள் சரியாகப் பொருந்தவில்லை. ரெக்ஸ்லின் குனிந்து தட்டிப் பார்த்தாள். டொக் என்றது. அவள் அழ ஆரம்பித்தாள். கொக்கு என் முழங்கால் வரை எவ்வளவு சிமெண்ட் பிடிக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தது. ரெக்ஸ்லின் அதன் அலகைப் பிடித்து மூடினாள்.

எமிலி டீச்சர் என்னை வெளியே அழைத்துப் போனார். "உன்னோடது வழி தவறியிருக்கும் டெல்சி. பஸ் ஸ்டாண்டுல போய்ப் பாரு. சாயங்காலத்துக்குள்ள போயிட்டு வந்துடு. அதுக்கு மேல இறுகிடும்."

நான் காலை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர் பொரி தின்றுகொண்டிருந்தார்.

"என் திறமை இங்க வந்துச்சா சார்?"

"எப்படி இருக்கும்?"

"தெரியாது."

"பேரு?"

"தெரியாது."

"உன் பேரு டெல்சியா?"

"ஆமா."

"காலையில ஒண்ணு வந்து உன்னைத்தான் விசாரிச்சுது. நீ எப்படி இருப்பேன்னு கேட்டேன். தெரியாதுன்னுச்சு. பேரு மட்டும் தெரியும்னுச்சு. சரி, கொஞ்சம் உக்காருன்னேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்துச்சு. அப்புறம் திருச்செந்தூர் பஸ்ஸுல ஏறிடுச்சு."

"திருச்செந்தூருக்கு எதுக்குப் போச்சு?"

அவர் பொரியை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். "அதை நான் கேக்கலையே" என்றார். அவருக்கு வருத்தமாகிவிட்டது. "அந்தா நிக்குதுல்லா, அந்த பஸ்தான். இன்னும் எடுக்கல. ஓடு."

ஓட முடியவில்லை. இழுத்துக்கொண்டு போய் ஏறினேன். கண்டக்டர் என் காலைப் பார்த்தார்.

"காலுக்கு லக்கேஜ் போடணும்."

"அது என் கால் சார்."

"கணுக்கால் வரைக்கும்னா விட்டுடுவேன். இது முழங்காலுக்குப் போயிட்டிருக்கு."

குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

பஸ்ஸில் எது என் திறமை என்று தெரியவில்லை. மேலே ஒரு பித்தளை அண்டா இருந்தது. அதனிடம் விசாரித்தேன். அது ஒரு சமையல்காரருடையது. டிரைவருக்குப் பின்னால் பட்டு வேட்டி கட்டி மாலை போட்ட மாப்பிள்ளை ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் அவருடைய முகூர்த்தம் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அது எங்கேயாவது இறங்கிப் போய்விடுமோ என்று அவர் அதன் கையைப் பிடித்திருந்தார். கடைசி சீட்டில் ஒயர் கூடையோடு ஒரு அம்மா இருந்தார். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எவரையும் எழுப்பி "நீங்க என் திறமையா?" என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

பழையகாயல் தாண்டியதும் கேட் போட்டிருந்தது. அது கடல் கடக்கிற கேட். கடல் சாலையின் குறுக்கே பாதி வந்து நின்றிருந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நீலமாக, ஓர் ஆள் உயரத்துக்கு, பேசாமல் நின்றது.

லாரிகள் ஹாரன் அடித்தன. கேட்கீப்பர் விசில் ஊதி ஊதி உதடு வீங்கிப்போயிருந்தார். எங்கள் கண்டக்டர் இறங்கிப் போய், "ஏய், நகரு!" என்று கத்தினார். ஒரு பைக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி, "இது பொதுச் சாலை" என்று கடலுக்கு விளக்கினார். எல்லோரும் அதனிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முகூர்த்தம் எழுந்து நின்று சோம்பல் முறித்தது. மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது.

"போயிடாத" என்றார்.

"நான் ஒரு இடத்துல உக்காந்திருக்கிற ஆள் இல்ல" என்றது முகூர்த்தம்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியாது. நான்தான் பக்கத்தில் நின்றேன். "அவ மூணு வருஷமா காத்திருக்கா" என்றார். "இன்னைக்கும் நான் வரலைன்னா அவ வீட்டுல என்ன சொல்லுவாங்க?"

நான் இறங்கினேன். என் காலைத் தூக்கிப் படியில் வைப்பதற்கே கொஞ்ச நேரம் ஆனது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. திரும்பிப் போகிற பஸ் ஒன்று எதிரே நின்றது. அதில் ஏறினால் சாயங்காலத்துக்குள் பள்ளிக்குப் போய்விடலாம். ஆனால் வெறுங்கையோடு போகவேண்டும். நான் கடலின் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.



"அதெல்லாம் பேசாதும்மா" என்றார் கேட்கீப்பர்.

"ஹாரனை நிறுத்தச் சொல்லுங்க."

அவர் போய்ச் சொன்னார். லாரிகள் ஒவ்வொன்றாக அடங்கின. எங்கள் டிரைவர் இன்ஜினை அணைத்தார். பைக்காரர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு தன் குரல் தனக்கே கேட்டதும் நிறுத்திவிட்டார்.

நான் சும்மா நின்றேன். கேட்டாகிவிட்டது. இனி அதன் முறை. இந்த நேரத்தில் வேறு எதையும் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று தெரியாது. முழங்காலுக்கு மேலே குளிர் ஏறியது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கடல் மெதுவாகச் சொன்னது. "பாதி வழி வந்தேன். எல்லாரும் சத்தம் போட்டாங்க. எங்க போறேன்னு மறந்துட்டேன்."

"எங்க இருந்து கிளம்புனீங்க?"

"கிழக்க இருந்து."

"வீட்டுல சொல்லிட்டா கிளம்புனீங்க?"

"ஆமா. உப்பளத்துல கூப்பிட்டாங்க, போயிட்டு வந்துடுதேன்னு..." கடல் நிறுத்தியது. அதன் மேல் ஒரு சின்ன அலை எழுந்தது. "அட, உப்பளத்துக்கு!" என்றது.

அது பாவாடையைத் தூக்கிப் பிடிப்பதுபோல ஓரங்களைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தது. போகும்போது என் காலில் பட்டது. ஈரமாக இருந்தது. இடது கால் விரல்களுக்கு நடுவே மணல் நுழைவது தெரிந்தது. அப்புறம்தான் புரிந்தது, அந்த விரல்களை என்னால் அசைக்க முடிகிறது என்று. அங்கேயே நின்று திரும்பத் திரும்ப அசைத்துப் பார்த்தேன்.

கேட் திறந்தது. மாப்பிள்ளை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையில் அட்சதை போட்டார். யாருக்கு எப்போது போடவேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் குழம்பியிருந்தது. முகூர்த்தம் மறுபடி உட்கார்ந்துவிட்டது. பஸ் கிளம்பிப் போனது.

சாலையோரம் ஒயர் கூடை அம்மா நின்றார். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

"நீ டெல்சியா?"

"ஆமா."

"பஸ் ஸ்டாண்டுல இருந்தே சந்தேகம்தான். கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

"இப்போ எப்படித் தெரிஞ்சுது?"

"நீ கடல்கிட்ட கேட்டப்போ என் தொண்டை அசைஞ்சுது."

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், ஏமாற்றமாக இருந்தது. "கொக்கு மாதிரி ஏதாவது வரும்னு நெனச்சேன்."

"கொக்கெல்லாம் கணக்குக்கு" என்றார் என் திறமை. அவருக்குக் கோபம் இல்லை. கூடையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துத் துடைத்து எனக்குப் பாதி கொடுத்தார்.

திருச்செந்தூருக்கு எதற்குக் கிளம்பினீர்கள் என்று கேட்டேன். உன்னைக் காணவில்லை, மனசு சரியில்லை, கடலையாவது பார்க்கலாம் என்று தோன்றியது என்றார். ஊருக்குத் திரும்பும் பஸ் வரும்வரை அப்படியே பேசிக்கொண்டிருந்தோம். அவர் பேசும்போது நான் குறுக்கே பேசவில்லை. நான் பேசும்போது அவரும் பேசவில்லை. இவ்வளவு வசதியாக நான் யாரோடும் இருந்ததில்லை.

பள்ளிக்குத் திரும்பியபோது வராண்டா நீண்டிருந்தது. சாயங்காலம் ஆனால் அது நீளும். கொம்பையா அண்ணாச்சி சிமெண்ட் கலவைச் சட்டியோடு எனக்கான இடத்தில் காத்திருந்தார். என் காலைத் தட்டிப் பார்த்தார். தசைதான்.

"வந்துடுச்சா பாப்பா?" என்றார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கலவையைக் கீழே கொட்டிவிட்டார்.

எமிலி டீச்சர் வகுப்பை விட்டு ஓடி வந்தார்.

"இது என்ன செய்யும் டெல்சி?"

"கேக்கும் டீச்சர்."

"கேள்வி கேக்குமா, காதால கேக்குமா?"

நான் என் திறமையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அது ரெண்டா டீச்சர்?" என்றேன்.

டீச்சர் என் திறமையின் பக்கம் திரும்பினார். பிறகு, "டெல்சியோடது" என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

"உள்ளேன் டீச்சர்" என்றார் என் திறமை. வராண்டாவின் கடைசி வரை அது கேட்டது.

அப்போது பக்கத்துத் தூண் இருமியது. நான் அதில் காதை வைத்தேன். "யாரு?" என்று கேட்டுவிட்டு நின்றேன். இந்த முறை ரொம்ப நேரம் ஆகவில்லை.

"கிரேஸி ஃபெர்னாண்டோ. ட்வெல்த் பி" என்றது தூண். "வரலாறு பீரியட் முடிஞ்சுதா அக்கா?"

"முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. நீங்கதான் எனக்கு அக்கா."

"அப்போ இறங்கலாமா?"

"இறங்கணும்னு இருக்கா?"

தூண் யோசித்தது. பிறகு தலைமுடியிலிருந்து சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு ஒரு பெண் கீழே இறங்கினாள். ரிப்பன் இன்னும் நன்றாக இருந்தது. எமிலி டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "கிரேஸி" என்றார். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்களாம்.

வராண்டா முழுக்க மற்ற தூண்களும் இரும ஆரம்பித்தன.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை அறையிலிருந்து வந்தார். இறங்கிய பெண்ணைப் பார்த்தார். காலியான இடத்தைப் பார்த்தார். "எல்லாரும் இறங்கிட்டா கூரையை யார் தாங்குறது?" என்றார். அவர் குரலில் மிரட்டல் இல்லை. நிஜமாகவே பயந்திருந்தார்.

அது நியாயமான கேள்விதான். என் திறமை கூடையைக் கீழே வைத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். இருவரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தோம்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டோம்.

தூண்கள் இருமுவதை நிறுத்தின. கூரை தொண்டையைச் செருமியது.