கண்ணை மூடாதவள்

“கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன் ஏமானே. சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்” என்று பஸ்ஸில் வந்த இந்த ஆளும் சொன்னதும் ஏட்டுக்கு வந்ததே கோபம்! “ஒரு மோட்டார் நிறைய ஆளு இருந்திருக்கியோ. ஒருத்தனுக்குக்கூடவா கண்ணு திறந்திருக்கல்ல?” என்று நடுரோட்டில் வெயிலில் நின்று கத்தினார். கத்தி என்ன செய்ய? அந்த ஆள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. வழுக்கம்பாறைக்கு முந்தின அந்த வளைவில் இசக்கியம்மன் பீடத்தைக் கும்பிடாமல் தாண்டுகிற மனுசன் கன்னியாகுமரி - நாகர்கோவில் பாதையில் கிடையாது. ஏட்டே சற்று முன் சைக்கிளில் வரும்போது ஒரு கையை விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் வந்து இறங்கினார். அதை யார் அவரிடம் சொல்வது?

செசிலி பஸ்ஸின் நிழலில் கருவாடு நிறைந்த ஓலைக் கடவத்தை அணைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். ஏட்டு இன்னும் அவளிடம் வரவில்லை. வராமலே போய்விட்டால் எவ்வளவோ நல்லது. அவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். இசக்கிக்கும் அவளுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவுமில்லை. வண்டியில் கண்ணை மூடாதிருந்தவள் அவள் ஒருத்திதான்.

கருவாட்டு நாற்றத்துக்கு யாரும் பக்கத்தில் விட மாட்டார்கள். மற்ற டிரைவர்கள் கடவத்தைக் கண்டாலே வண்டியை நிறுத்துவதில்லை. தாணப்பன் ஒருவன்தான், “எஞ்சின் சூடு தாங்குமெங்கில் எனக்கப் பக்கத்துல இரி செசிலி” என்று இடம் கொடுத்தவன். அந்த இடம் கிடைப்பதற்கு முன் அவள் குமரியிலிருந்து வடசேரிச் சந்தைக்குத் தலைச்சுமையோடு நடந்துதான் போனாள். கழுத்து நரம்பு இன்றைக்கும் அதை மறக்கவில்லை.

அந்த இடத்தில் இருந்துதான் எல்லாவற்றையும் பார்த்துத் தொலைத்தாள். தினமும் செய்வதுபோல் தாணப்பன் வண்டியைத் திருப்பும் வளையத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தலைக்கு மேலே கூப்பினான். கும்பிடாவிட்டால் ஆட்கள் விடுவார்களா? புதிதாக வந்த டிரைவர் ஒருவன் ஒருநாள் கும்பிடாமல் ஓட்டியதற்கு, வண்டியை நிறுத்தி அவனை இறக்கித் தேங்காய் உடைக்க வைத்தார்கள். “அம்மா தாயே” என்று சொல்லி முடிக்கிற வரைக்கும் வண்டி தன்பாட்டுக்குப் போகும். இத்தனை காலமும் போயிற்று. இன்றைக்கு எதிரே பெரியவீட்டு நாராயணபெருமாளின் மோட்டார் சைக்கிள் வந்தது. நடுரோட்டில், தலைபோகிற அவசரத்தில் பறந்து வந்தான் பாவி. வந்தவனும் வலக்கையைப் பிடியிலிருந்து எடுத்து நெஞ்சுக்கு நேரே வைத்துத் தலையைக் குனிந்தான். இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், நடுவில் அம்மன். செசிலி “ஐயோ மாதாவே” என்று அலறினாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது நாராயணபெருமாள் யாரோ அவிழ்த்துக் கொடுத்த வேட்டியின் கீழே கிடந்தான். தாணப்பன் படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்திருந்தான். “வளையத்துல இருந்து கை எடுக்கல்ல ஏமானே. அவருதான் பறந்து வந்து இடிச்சாரு” என்று முதலிலேயே சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு செசிலியை ஒரு தடவை பார்த்தான். அவன் பெண்பிள்ளைகள் மூன்று பேரையும் அவளுக்குத் தெரியும். கடைசிக் குட்டிக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. வாயைத் திறந்தால் இவன் ஜெயிலுக்குப் போவான், அந்த வீட்டில் அடுப்பு எரியாது. திறக்காவிட்டால் பழி செத்தவன் தலையில். செத்தவனுக்கு என்ன போச்சு? இப்படி நினைத்துக்கொண்டு அவள் கடவத்தின் ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வயல் வரப்பில் தலை அவிழ அழகம்மை ஓடி வந்தாள். நாராயணபெருமாளுக்குக் கட்டி வந்து ஒரு வருசம்கூட ஆகாத பெண். புறவாசலில் கருவாடு வாங்கும்போது செசிலிக்கு ஒரு வாய் மோர் தராமல் அனுப்பமாட்டாள். வந்தவள் வேட்டியை விலக்கிப் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

தெய்வநாயகம் பிள்ளை தோளில் நேரியலைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். பஸ்ஸில் வந்த பெரிய மனுசன் அவர்தான். “என்ன செய்யதுக்கு பிள்ளே. வாசகசாலையில நாலுபேரு முன்னால, இசக்கியாவது பூதமாவதுண்ணு சொன்னவன்லா. கும்பிடாமப் போனான், அம்மன் அடிச்சிட்டா” என்றார்.

“அதான். அதுதான் காரியம்” என்று கூட்டம் பிடித்துக்கொண்டது. அம்மன் அடித்தாள் என்றால் மனுசன் யாரும் பதில் சொல்ல வேண்டாமே! எல்லார் முகத்திலும் ஒரு தெளிச்சம் வந்தது. தாணப்பனும் மெல்லத் தலையை ஆட்டினான்.

அந்தத் தலையாட்டலைச் செசிலி கண்டுவிட்டாள். அட பாவி, கொன்றதும் போதாமல் இதுவுமா? எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“அவரு கும்பிட்டாரு” என்றாள்.

ஏட்டு திரும்பினார். “நீ யாருட்டி?”

“கருவாட்டுக்காரி ஏமானே. முன்னால இருந்தேன். நான் வேதக்காரி, கண்ணை மூடல்ல.”

“கருவாடு விக்கவ சாட்சி சொல்ல வந்துட்டா” என்றார் பிள்ளை.

“நீரு சும்மா இரும் ஓய்” என்று ஏட்டு அவரை அடக்கினார். “அப்பம் டிரைவரு? அவன் கை எங்க இருந்து?”

“செசிலி...” என்றான் தாணப்பன். அவ்வளவுதான் சொன்னான். அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

“அவரும் கும்பிட்டாரு. ரெண்டு கையும் தலைக்கு மேல.”

“காட்டு.”

செசிலி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பினாள். தாணப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“பெரியவீட்டுக்காரன்?”

அவள் இடக்கையை வண்டிப்பிடியைப் பிடிப்பதுபோல் முன்னால் நீட்டி, வலக்கையை நெஞ்சுக்கு நேரே வைத்துத் தலையைக் குனிந்தாள்.

அழகம்மை எழுந்து வந்தாள். “மெய்யாட்டா செசிலி? எனக்காவச் சொல்லாதே.”

“மாதா சத்தியமா, எனக்கக் கண்ணால கண்டேன் அம்மாளு.”

நெஞ்சுக்கு நேரே இருந்த அந்த வலக்கையை அழகம்மை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். ஒரு நிமிசம் அவள் முகத்தில் என்னவோ பூத்தாற்போல் இருந்தது. கூட்டத்தைத் தலைநிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பார்வை மெல்ல இறங்கி, செசிலி நீட்டிய இடக்கைக்கு வந்தது. வண்டியை அந்த ஒரு கை மட்டுமே பிடித்திருந்தது.

“காலையில நான்தான் கெஞ்சினேன்” என்றாள். குரல் கேட்கவேயில்லை. “எனக்காவ ஒரு கையாவது எடுத்துக் கும்பிட்டுட்டுப் போங்கோண்ணு. சிரிச்சிட்டுல்லா போனாரு...”

அழகம்மையின் பிடி இறுகிக்கொண்டே போயிற்று. செசிலியின் வலக்கை, நாராயணபெருமாள் வைத்திருந்த அதே இடத்தில், நெஞ்சுக்கு நேரே நின்றது. அவளால் அதை இறக்க முடியவில்லை.