மூக்கையாவின் நாக்கு

சூடத்தைக் கொளுத்தி உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தாயிற்று. உத்தரகோசமங்கைச் சாமி பேரிலும் ஒன்று கூடுதலாகக் கிடக்கட்டும். கீழே வருவதில் ஒரு சொல்கூடக் கூட்டியது இல்லை. குறைத்தது வேண்டுமானால் உண்டு, நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்பதற்காக.

1967 பங்குனியில் வேல்சாமி வாத்தியாருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய களைப்புக்கு வயது அதைவிட அதிகம். முதுகுளத்தூருக்கு மேற்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். தமிழ் வாத்தியார் இடம் காலி, டிரில் மாஸ்டர் இடமும் காலி. ஆகவே காலையில் இலக்கணம், மதியம் இதயம், சாயங்காலம் வெயிலில் விசில். அந்த வருஷத்து வெயிலில் அவருடைய நிழலே கூட வர மறுத்து வேப்பமரத்தடியில் தங்கிவிடும். கடைசி மணி அடித்த பிறகு போய்க் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்.

முந்தின கோடையில் அவரை மதுரைக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். டி.என்.ஏ., புரதம், பரம்பரை என்று எல்லாம் புதுப்பாடம். காலை வகுப்புகளை ஓர் எழுத்து விடாமல் நோட்டில் குறித்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டில் அப்பளமும் பாயசமும் போட்டார்கள். மதிய வகுப்புகளில் தூங்கினார். நோட்டில் பத்துக் காலையும் நீலமாக இருந்தன, பத்து மதியமும் வெள்ளையாக இருந்தன.

அந்தப் பாடத்தைத்தான் ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்தார். படம் கிடையாது. கமலை இறைக்கிற வடத்தில் ஒரு முழம் வாங்கி வந்து முறுக்கைத் தளர்த்திக் காட்டினார். இரண்டு புரி, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு கிடக்கிறது. நடுவே ஏணிப்படி மாதிரிக் கட்டுகள். அதில் நாலே நாலு எழுத்து. அந்த நாலை மாற்றி மாற்றி எழுதித்தான் எறும்பும் யானையும் கடைசி பெஞ்சில் தூங்குகிற ஆளும் என்றார். கடைசி பெஞ்ச் எழுந்து உட்கார்ந்தது.

புரதத்துக்கு வந்தபோது பிள்ளைகளே உதவினார்கள். நிலத்து மூலப்பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வராது, நகல்தான் தாலுகா கச்சேரிக்குப் போகும் என்பது சம்சாரி வீட்டுப் பிள்ளைக்குப் பால்குடி மறக்கும் முன்பே தெரியும். டி.என்.ஏ.தான் மூலப்பத்திரம், செல்லின் உட்கருவுக்குள்ளேயே இருக்கும். வெளியே போகிற நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். நகலில் கண்ட வரிசைப்படி அமினோ அமிலங்களைப் பூப்போலக் கோத்தால் அது புரதம். புரதத்தால்தான் தசை, முடி, ரத்தம் எல்லாம். அந்தப் புரதம் எதில் கிடைக்கும் என்று ஒருவன் கேட்டான். முட்டை, பால், பருப்பு, மீன் என்றார். அன்றைக்கு அத்தனை பேரும் குடித்துவிட்டு வந்தது கம்பங்கூழ்.

மறுநாள் பரம்பரை. ஒவ்வொரு குணத்துக்கும் அய்யாவிடமிருந்து ஒரு ஜீன், அம்மாவிடமிருந்து ஒரு ஜீன். ஒன்று ஓங்கி நிற்கும், இன்னொன்று ஒடுங்கிக் கிடக்கும். ஓங்கியது ஒன்று இருந்தாலே வெளியில் தெரிந்துவிடும். உதாரணத்துக்கு நாக்கை எடுத்துக்கொண்டார். ஓரங்களைத் தூக்கி நாக்கைக் குழல்போல மடக்குவது ஓங்கிய குணம் என்று மதுரையில் ஒரு காலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வேல்சாமிக்குப் பிறந்ததிலிருந்து மடங்காது. அதனால் பூமயிலை எழுந்து காட்டச் சொன்னார். மிளகாய்ச் சம்சாரி மூக்கையாவின் ஒரே மகள் அவள், வகுப்பில் முதல். அழகாக மடக்கினாள். வாத்தியார் பலகையில் ஒரு வரி எழுதினார்: தாய் தந்தை இருவருக்கும் நாக்கு மடங்காவிட்டால் பிள்ளைக்கும் மடங்காது. வீட்டில் பார்த்து எழுதி வரச் சொல்லிவிட்டு டிரில் வகுப்புக்குப் போனார்.

மூன்றாம் நாள் பூமயில் வரவில்லை. அவள் தாய் கருத்தம்மாள் வந்து வேப்பமரத்தடியில் நின்றாள்.

நடந்தது இவ்வளவுதான். மகள் கேட்டாள் என்று புருஷனும் பெண்டாட்டியும் சிரித்துக்கொண்டே நாக்கை நீட்டியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் மடங்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று மூக்கையா கேட்டான். வகுப்பில் முதல் பெண் அல்லவா, பலகையில் இருந்த வரியை அப்படியே ஒப்பித்தாள். மூக்கையா தட்டை நகர்த்திவைத்தான். பாயைச் சுருட்டிக்கொண்டு மிளகாய்க் களத்துக்குப் போனவன் திரும்பவில்லை. அவள் வந்து நின்ற அன்று சாயங்காலமே களத்தில் ஊர்க்கூட்டம். மகள் தன் மகள் இல்லை, பெண்டாட்டியைத் தீர்த்துத் தாய்வீட்டுக்கு அனுப்பப் போகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

"பதினாறு வருசமா அவுக வெதச்சாக, நான் களை எடுத்தேன்" என்றாள் கருத்தம்மாள். "இப்ப நாக்கை நம்புறாக, என்னைய நம்ப மாட்டேங்கிறாக. நீங்க எழுதிப் போட்டதுதான வாத்தியாரய்யா. நீங்களே வந்து ஒரு வழி பண்ணுங்க."

வேல்சாமி நோட்டை எடுத்துப் புரட்டினார். அந்த விதிக்கு விலக்கு ஏதாவது உண்டா என்று மதுரையில் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். மதியம் சொல்லியிருப்பார்கள். பக்கம் வெள்ளையாக இருந்தது. விதி பொய் என்று சொன்னால் ஒரு பொம்பளைக்காக வாத்தியார் பொய் சொல்கிறார் என்பார்கள். மெய் என்றால் அவள் பிழைப்பு போயிற்று. டிரில் வகுப்பை விட்டுவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமலே, இரண்டு மைல் நடந்தார். அவருக்குப் பத்தடி பின்னால் கருத்தம்மாள் வந்தாள்.

களத்தில் மிளகாய் சிவப்பாகக் குவிந்து கிடந்தது. ஊர்ப்பெரியவர் சின்னச்சாமியும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மூக்கையா எழுந்து கைகட்டிக்கொண்டு கேட்டான்.

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பலகையில எழுதுனது மதுரையில படிச்சவுக சொன்னதா, ஒங்க சொந்தச் சரக்கா?"

"மதுரையில சொன்னதுதான்" என்றார் வேல்சாமி. வேறு என்ன சொல்வது?

"அம்புட்டுத்தான். போதும்."

"ஏலே, பொறு. வாத்தியாரு வெயில்ல நடந்து வந்துருக்காரு. மொதல்ல கூழைக் குடுங்க" என்றார் சின்னச்சாமி.

கூழும், கடித்துக்கொள்ளக் குவியலிலிருந்து ஒரு முண்டு மிளகாயும் வந்தன. களைத்த மனுஷன் பாராமல் முழுசாகக் கடித்துவிட்டார். உச்சந்தலை திறந்துகொண்டது. 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தார். இழுக்கும்போதே வாய்க்குள் ஏதோ இடம் மாறினாற்போல இருந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வருஷம் மடங்காத நாக்கு மடங்கியிருந்தது.

கலயத்தைக் கீழே வைத்தார். "மூக்கையா, நீ ஒரு மிளகாயைக் கடி" என்றார்.

மூக்கையா கடித்தான், மென்றான், விழுங்கினான். ஒன்றும் ஆகவில்லை. பிறந்து சேனை தொட்டு வைத்த அன்றே மிளகாய் தின்று வளர்ந்த உடம்பு. இன்னொன்று என்றார் வாத்தியார். சின்னச்சாமி எண்ணத் தொடங்கினார். ஐம்பது வரைக்கும் மூக்கையா வேர்க்கடலை தின்கிற மாதிரித் தின்றான். நூற்று நாற்பத்தேழில் காது சிவந்தது. இருநூற்றுப் பன்னிரண்டில் தலைப்பாகையிலிருந்து புகை கிளம்பியது. பக்கத்தில் இருந்தவர் எட்டி ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டார். கருத்தம்மாள் வரப்பிலேயே நின்றாள், முகத்தில் எதுவும் தெரியவில்லை. வேல்சாமிக்கு உட்கார வேண்டும்போல இருந்தது, உட்காரப் பயமாகவும் இருந்தது.

இருநூற்று முப்பத்தொன்றாவது மிளகாயில் மூக்கையா 'ஸ்ஸ்' என்றான். பதநீர் குடிக்கிற ஓலைப் பட்டைபோல நாக்கின் இரண்டு ஓரமும் எழும்பிக் குழலாக நின்றன. மூச்சு அதன் வழியாக விசிலாய்க் கிளம்பியது. மூன்று மைலுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த முதுகுளத்தூர் பஸ், கண்டக்டர் விசில் என்று நினைத்து நின்றுவிட்டது. இறங்க ஆள் இல்லாமல் வெகுநேரம் நின்றதாகப் பின்னால் கேள்வி.

"மடங்கிருச்சு" என்றார் சின்னச்சாமி. ஊர் எட்டிப் பார்த்து ஆமாம் என்றது.

ஜீன் உள்ளேதான் இருந்திருக்கிறது, எழுப்ப ஆளில்லாமல் தூங்கியிருக்கிறது என்று வேல்சாமி விளக்கம் சொன்னார். அது சரிதானா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தூக்கத்தைப் பற்றி அவருக்கு அனுபவம் இருந்தது.

மூக்கையா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணும் மூக்கும் ஒழுக வரப்புக்குப் போனான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு இன்னும் குழலாகவே நின்றதால் காற்றுத்தான் வந்தது.

கருத்தம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாத்தியாரைப் பார்த்தாள்.

"மடங்காம இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

சின்னச்சாமி வேட்டியில் ஒட்டியிருந்த மிளகாய்க் காம்பை எடுத்துப் போட்டார். பீடி பற்றவைத்தவர் அதை அணைத்தார். வாத்தியாருக்கு வாய் எரிந்தது. அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். மூக்கையா இருபதடி பின்னால் பாயோடு போனான். கதவு திறந்ததா என்று பார்க்க வாத்தியார் நிற்கவில்லை. அவருக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது.

மறுநாள் பூமயில் பள்ளிக்கூடம் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். வேல்சாமி செரிமான மண்டலத்தை எடுத்தார். இரைப்பையிலிருந்து ஆரம்பித்தார், வாயைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு மூக்கையாவுக்கும் கருத்தம்மாளுக்கும் இன்னொரு பிள்ளை பிறக்கவில்லை.