அன்புள்ள தாணுமூர்த்தி

கணினியில் மின்னஞ்சல் அனுப்பும் லைப்ரரி என்ற மென்பொருளை நிறுவியதும் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றினார். லைப்ரரிகள் அப்படித்தான் வரும். சஃபாரி சட்டை, கக்கத்தில் ரெக்சின் பை. பார்க்கக் கல்யாணத் தரகர் மாதிரி இருந்தார். வேலையும் கிட்டத்தட்ட அதுதான். மின்னஞ்சல்களை மொத்தமாக அனுப்பும் கம்பெனியிடம் நாமாகப் போய்ப் பேச முடியாது. அவர்கள் பாஷை வேறு, பழக்கம் வேறு. நமக்காகப் போய்ப் பேசுகிறவர் இவர்.

பெயரைக் கேட்டேன்.

“மூணு. போன மாசம் வரைக்கும் ரெண்டு, இப்ப புது வெர்ஷன்” என்றார்.

எனக்கு அப்போதே கை பரபரத்தது.

அன்று என் மனைவி ஆவுடைத்தாய் பாளையங்கோட்டையில் வண்ணமீன் கடை திறக்கிறாள். நல்ல நேரம் முடிவதற்குள் ரிப்பன் வெட்டியாக வேண்டும். ஊரை அழைக்கும் பொறுப்பு என்னுடையது. வீடு வீடாக ஏறி இறங்க வேண்டாம், கணினியில் ஒரே தட்டுத் தட்டி ஊரைக் கூட்டிவிடுகிறேன் என்று சவடால் விட்டிருந்தேன். அழைப்பு இன்னும் போகாததால் கடை சுருங்க ஆரம்பித்திருந்தது. விடிந்தபோது மூன்று ஷட்டர் இருந்தது. நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் இரண்டாகிவிட்டது. ஆள் வராத கடை சுருங்கத்தான் செய்யும்.

முழுக்கச் சுருங்கிவிட்டால் ஆவுடை அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பழைய கடன் வசூல் அலுவலகத்துக்கே திரும்ப வேண்டும். நாள் முழுக்க போனில் ஆட்களைத் திட்டும் வேலை. அவளுக்குத் திட்ட வராது. அங்கே இருந்த காலமெல்லாம் மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அங்கே அவளைத் திரும்ப அனுப்ப எனக்கு மனசில்லை.

மூணுவும் நானும் கிளம்பினோம். கம்பெனி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. முந்தின நாள் வரை அங்கே கரும்புச்சாறுக் கடைதான் இருந்தது.

உள்ளே போக எனக்கு ஒரு சாவி கொடுத்திருந்தார்கள். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான சாவி. வெளியே காட்டக் கூடாது. சட்டைக்குள் விட்டிருந்தேன், மறுமுனை முழங்காலுக்குக் கீழே எட்டிப் பார்த்தது. சாவி நீளம் என்பதால் தாழ்வாரமும் நீளம். நடக்க நடக்க இன்னும் நீண்டது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய இடத்தோடு நான் இதுவரை இணைந்ததே இல்லை.

கடைசியில் ஒரு ஜன்னல். உள்ளே ஓர் அம்மாள்.

“நானூத்தி ஒண்ணு” என்றார்.

அங்கே பதிலெல்லாம் எண்ணில்தான். நீங்கள் யாரென்று தெரியவில்லையாம் என்று மூணு என் காதில் சொன்னார். சாவியை உருவிக் கொடுத்தேன். அம்மாள் அதை ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். யாரையெல்லாம் அழைக்க வேண்டும் என்று மூணு கேட்டுச் சொன்னார். நான் பி. பொன்னுராசு என்று ஆரம்பித்தேன்.

“நானூறு.”

அப்படியென்றால் சொன்னது தப்பாம். இங்கே ஆளுக்கு ஒரு முதல் பெயரும் ஒரு கடைசிப் பெயரும் வேண்டும். முன்னால் வருவது முதல் பெயர். ஆனால் ஒற்றை எழுத்தைப் பெயராக ஏற்க மாட்டார்கள். விரித்துச் சொல்ல வேண்டும்.

இதுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஆளைப் பார்த்ததும் முதலில் கேட்பதே யார் மகன் என்பதைத்தான். ஊரிலுள்ள எல்லோருடைய அப்பா பெயரும் எனக்கு அத்துப்படி. பிச்சையா பொன்னுராசு என்றேன். சிவனணைந்தான் மரகதவல்லி என்றேன். அம்மாள் தட்டத் தட்ட நான் மூச்சு விடாமல் சொன்னேன். ஊரே என் வாயிலிருந்து கொட்டியது.

சோதனைக்கு வீட்டுக்கும் ஒன்று அனுப்ப வேண்டும் என்றார் மூணு. ஆவுடையின் பெயரைக் கொடுத்தேன். கல்யாணம் ஆனதும் அவள் இனிஷியலை என் பெயருக்கு மாற்றியிருந்தோம். ரேஷன் கார்டு முதல் வங்கிக் கணக்கு வரை அவள் கை. ஆவுடைத்தாய்தான். கைலாசம் ஆவுடைத்தாய் என்று சொன்னேன். சொல்லும்போது பெருமையாக இருந்தது.

“இருநூறு” என்றார் அம்மாள்.

மூணு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். திரும்பும்போது தாழ்வாரம் நாலே எட்டில் முடிந்துவிட்டது. பேருந்து நிலையத்தில் என் போன் சிணுங்கியது. ‘அன்புள்ள கைலாசம், எங்கள் கடைத் திறப்பு விழாவுக்கு அவசியம் வரவும்’ என்று இருந்தது. என்னை இவ்வளவு முறையாக யாரும் அழைத்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

கடை அதற்குள் ஒரு பீரோ அகலத்துக்கு வந்திருந்தது. ஆவுடை மீன்களை வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். விருந்தாளி என்பதால் எனக்குச் சந்தனமும் கற்கண்டும் தந்தாள். நான் சந்தனத்தை நெற்றியில் இட்டுக்கொண்டபோது தெருமுனையில் கூட்டம் தெரிந்தது.

அப்பாக்கள் வந்துகொண்டிருந்தார்கள். கடிதம் யார் பெயரைச் சொல்லி அழைக்கிறதோ அவர்தானே வருவார். உயிரோடு இருப்பவர்கள் பைக்கில் வந்தார்கள். மற்றவர்கள் சுவரில் மாட்டிய படத்திலிருந்து நேராக வந்தார்கள். கழுத்தில் பிளாஸ்டிக் மாலை, கண்ணாடியில் வைத்த குங்குமம் இப்போது நெற்றியில், தலைக்கு மேலே சின்ன சிவப்பு பல்பு. பொன்னுராசுவின் அப்பா பிச்சையா என்னிடம் கார்ப்பரேஷன் தண்ணீர் இப்போது ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்தார். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று.

ஒவ்வொருவர் நுழையும்போதும் கடை அகலமானது. ஷட்டர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தொட்டிகள் தாமாக நிரம்பின. நான் குதிக்காத குறை.

ஆவுடை மட்டும் கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள்.

“ஊர்ல உள்ள அப்பா எல்லாரும் வந்தாச்சு. எங்க அப்பாவ எங்க?”

எனக்குச் சுருக்கென்றது. அவள் அப்பா எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருடம் காலமானவர். நான் பார்த்ததில்லை. அவளுக்கு முதல் மீனை ஊறுகாய் பாட்டிலில் வாங்கி வந்தவர் அவர்தான். ஆவுடையின் பெயருக்கு முன்னால் என் பெயரைச் சொன்னதால் அவருக்குப் போக வேண்டிய அழைப்பு என் சட்டைப்பையில், போனில் இருந்தது.

“அவங்க வராம வெட்ட மாட்டேன்” என்றாள்.

நல்ல நேரம் கழிந்துவிட்டால் இத்தனை அப்பாக்களையும் உள்ளே வைத்துக்கொண்டே கடை சுருங்கிவிடும். மூணுவை இழுத்துக்கொண்டு ஓடினேன். தாழ்வாரம் மறுபடி நீண்டது. ஆவுடையின் முதல் பெயரை அவள் அப்பா பெயரான தாணுமூர்த்தி என்று மாற்ற வேண்டும் என்று ஜன்னலில் கத்தினேன்.

“நானூத்தி இருபத்தொம்பது.”

ரொம்பத் தடவை கேட்டுவிட்டோமாம், பொறுக்க வேண்டுமாம். எனக்கு அழுகை முட்டியது.

“அதுக்குத்தான நான் வந்திருக்கேன்” என்றார் மூணு.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்துக் கேட்டார். இல்லை என்றதும் அதைப்போல் இரண்டு மடங்கு பொறுத்துக் கேட்டார். முகம் சுளிக்கவில்லை, குரல் உயர்த்தவில்லை. அடுத்த முறை இன்னும் இரண்டு மடங்கு. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“தாணுமூர்த்தி ஆவுடைத்தாய்” என்றார் மூணு.

“இருநூறு” என்றார் அம்மாள்.

அந்த நொடியே என் நெற்றிச் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. போனிலிருந்த கடிதமும் போய்விட்டது. கடைக்குத் திரும்பியபோது வாசற்படி என் காலை ஏற்கவில்லை. அழைப்பு இல்லாதவன் உள்ளே போக முடியாது. தெருவில் நின்று எட்டிப் பார்த்தேன். அப்படியும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர் மாலையைச் சரிசெய்தபடி வேகமாக வந்தார். தலைக்கு மேலே பல்பு விட்டு விட்டு எரிந்தது. ஆவுடை அவரைப் பார்த்ததும் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏன்ப்பா இவ்ளோ நேரம்?”

“கடுதாசி இப்பந்தாம்மா வந்துச்சு.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டே ரிப்பனை வெட்டினாள். எல்லா அப்பாக்களும் கை தட்டினார்கள். கடைக்கு நாலாவதாக ஒரு ஷட்டர் முளைத்தது. அவர் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்து, வாசலில் என்னைக் கண்டு நின்றார்.

“வெளிய நிக்கது யாரு மவன்?”

என் வீட்டுக்காரர் என்றாள் ஆவுடை. அவர் படி இறங்கி வந்து உள்ளே வாங்க மாப்பிள்ளை என்று என் கையைப் பிடித்தார். படி என்னை ஏற்றுக்கொண்டது.

பிறகு போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மகளிடம் காட்டினார்.

“அடியில என்னமோ போட்டுருக்கே. இனிமே கடுதாசி வேண்டாம்னா இத அமுக்கணுமாமே?”

“அத அமுக்காதீங்கப்பா” என்றாள் ஆவுடை.

சரி என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மீனுக்கு என்ன தீனி என்று கேட்டார்.